பல் ஆசாரியும் என் ஹாக்கிப் பெண்களும்

சென்ற திங்கட்கிழமை காலை பயிற்சிக்கு விசில் ஊதப் போகும் நேரத்தில் காளியம்மாள் மைதானத்துக்குள் வந்து, "நம்ம பல் ஆசாரி போயிட்டாக, டீச்சர்" என்றார். என் பழைய மாணவி அலமேலுவின் தாய் அவர். பெண்கள் முன்னால் நின்று அழுதுவிட்டேன்.

காரைக்குடியில் பல் செட் கட்டிவந்த சுப்பையா ஆசாரிக்கு ஊர் வைத்த பெயர் அது. பொற்கொல்லர் குடும்பம். அறுபதுகளின் கடைசியில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் பள்ளி ஹாக்கிப் பெண் ஒருத்திக்கு மட்டை பட்டு முன்பல் இரண்டு போயின. பல் கட்டிக் கொடுத்தவர் அதோடு விடவில்லை. "போன பல்லைக் கட்டிப்புடலாம், டீச்சர். இருக்கிற பல்லுக்கு என்ன செஞ்சு வச்சிருக்கீக?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுவாரமே எல்லாப் பெண்களையும் மெழுகைக் கடிக்கச் சொல்லி அச்செடுத்தார். பல் செட்டின் ஈறுக்குப் போடும் சிவப்பு ரப்பரைக் கொஞ்சம் இளக்கமாக வேகவைத்து, மேல்பல்லை மூடும் உறை செய்தார். முதல் உறையைத் தானே மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் பேசியது வந்தவர் யாருக்கும் விளங்கவில்லை.

அந்தச் சிவப்பு நிறம்தான் வினையாயிற்று. மகளின் பைக்குள் உறையைப் பார்த்த காளியம்மாள், பல் விழுந்ததை மறைத்து நான் செட் மாட்டிவிட்டதாக நினைத்துவிட்டார். நேரே பள்ளிக்கு வந்தார். அலமேலு வாயைத் திறந்து காட்டினாள். எது கட்டின பல் என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். அப்போதும் சமாதானம் ஆகவில்லை. "பொண்ணு கேட்டு வாரவுககிட்ட நான் என்னத்தைச் சொல்ல? இவ இனி வெளையாட வரமாட்டா" என்றார். மற்றத் தாய்மார்களும் அதையே சொல்லத் தொடங்க, அணியே கலைந்துபோகும் என்று பயந்தேன்.

விஷயம் கேள்விப்பட்டு ஆசாரி கடையைப் பூட்டிவிட்டு வந்து காளியம்மாளிடம் சொன்னார்: "பல்லு போனாத்தான் ஆத்தா எனக்குப் பொழப்பு. போகக் கூடாதுன்னு நான் செஞ்சது இது ஒண்ணுதான். ஒரு ஆட்டம் பாத்துட்டுச் சொல்லுங்க."

திருப்பத்தூர்ப் பெண்களோடு அந்த ஆட்டம். பந்து துள்ளி அலமேலுவின் வாயில் பட்டது. உதடு கிழிந்து ரத்தம். காளியம்மாள் நடு மைதானத்துக்கு ஓடிவந்து, உறையைக் கழற்றி, மறுபடி ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தார். உறையைத் தண்ணீரில் அலசி, தம் கையாலேயே மகள் வாயில் மாட்டிவிட்டார்.

பிறகு ஆசாரி எல்லா உறைகளையும் கறுப்பு ரப்பரில் செய்து கொடுத்தார். புதுப் பெண் யார் வந்தாலும் வாயைத் திறக்கச் சொல்லி, உறை மாட்டியிருக்கிறாளா என்று பார்த்த பிறகே மட்டையைக் கையில் கொடுக்கிறேன். அந்தப் பழக்கம் அவர் தந்தது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு, பல் கட்டச் சொல்லி என் பெண்களில் ஒருத்தியைக்கூட நான் அவரிடம் அழைத்துப் போகவில்லை. அவர் என்னிடம் எதிர்பார்த்ததும் அது ஒன்றைத்தான்.