ஓரம் சுத்தம்

என் அக்கா புருஷனுக்குச் சலவைக்கடையில் 'பெட்டி' என்றுதான் பேர். முப்பது வருஷமாக இஸ்திரிப் பெட்டியே கதி. துணியில் வைக்கும் முன் அதை இடது கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். சூடு போதுமா என்று கன்னம் சொல்லிவிடும். பக்கத்து மேஜையில் துணி மடிப்பவன் நான்.

போன வருஷம் அவருக்கு இடது மேல் இமையில் மிளகு அளவு கட்டி வந்தது. வெந்நீர்த் துணியால் ஒற்றினார், அடங்கவில்லை. ஒரு டாக்டர் கீறி எடுத்தார். மூன்றே மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் முளைத்தது.

"சூட்டுக்கட்டி மாப்ளே. பெட்டியை அந்தப் பக்கமே காட்டுறேன்ல" என்று வலது கன்னத்துக்கு மாறினார். நானும் தலையாட்டினேன். எனக்கு அவர் டாக்டர், அவருக்கு நான் டாக்டர், விளங்கிடும்.

அக்காதான் ஒருநாள் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "என்னங்க, இங்க முடியே காணோம்?" கட்டி இருந்த இடத்தில் மட்டும் இமைமுடி உதிர்ந்து, பூச்சி அரித்த கம்பளி போலிருந்தது.

கண் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வருது, முடியும் கொட்டுது. கொஞ்சம் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும்."

"வலியே இல்லம்மா."

"வலிச்சிருந்தா முன்னாடியே வந்திருப்பீங்க."

அந்த வாரம் மச்சான் முதல்முறையாக ஒரு சட்டையைக் கருக்கினார். யாரும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

முடிவு வந்தது. இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் புற்றுநோய்.

"கண்ணு போயிடுமா?" என்று கேட்டார் மச்சான்.

"பரவின மாதிரி தெரியல. சுத்தியிருக்கிற நல்ல சதையையும் சேர்த்து வெட்டணும். வெட்டின துண்டோட ஓரம் புற்று இல்லாம சுத்தமா இருக்கணும். இல்லன்னா இன்னும் வெட்டணும்."

ஓரம். 'நடுவுல எவனும் தேய்ப்பான், ஓரத்தைப் பாருடா' என்று கடையே அதிரக் கத்தும் மனுஷன், அந்த வார்த்தையைக் கேட்டதும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். விரல் சில்லென்றிருந்தது.

வெட்டி, இமையை இழுத்துத் தைத்தார்கள். கட்டுப் போட்ட கண்ணோடு ஆறு நாள் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். ஏழாம் நாள் டாக்டரம்மாவிடமிருந்து அவருக்குப் போன்.

"ஓரம் சுத்தம்."

"நாலு பக்கமுமா?"

"எல்லாப் பக்கமும். ஆனா மூணு மாசத்துக்கு ஒருதடவை வந்து காட்டணும்."

அந்த 'ஆனா' அவர் மேல் கல்லாக உட்கார்ந்துவிட்டது. தினமும் கண்ணாடி முன்னால் இமையைத் தடவுகிறார். வேலைக்குத் திரும்பிய அன்று பெட்டி சூடானது. பழக்கத்தில் கை இடது கன்னம் வரை போய், பாதியில் நின்றது. சூட்டுக்கும் கட்டிக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கும் தெரியும்.

"நீ பாரு மாப்ளே" என்று என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். என் கன்னத்துக்குக் கொண்டுபோக எனக்கும் ஒரு நொடி ஆனது.