பூட்டி அனுப்பிய படிவம்

கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த வருடம், உப்பளத் தொழிலாளர்களுக்கு வீடு கட்டித் தர ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. யார் யாருக்கு வீடு என்பதைக் கணினியில் நிரப்பும் படிவமாக மின்னஞ்சலில் கேட்டார்கள். தட்டச்சுத் தெரிந்த ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் என்பதால் வேலை என்னிடம் வந்தது. முப்பத்தொரு குடும்பங்கள். கூனிமேட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இரண்டு நாளில் நிரப்பினேன்.

தொழிலாளர் சங்கத் தலைவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே எதுவும் வெளியே போகும். அது எங்கள் வழக்கம். அவர் பொம்மையார்பாளையத்தில் மகன் வீட்டில் இருந்ததால் படிவத்தை மகனின் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. நான் பெயர்களை மூன்று தடவை எண்ணினேன். முப்பத்தொன்று. அன்று வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிதான் கெடு. அப்போது மணி மூன்று பத்து.

அனுப்பப் போகும்போது, தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்று வந்திருந்த ஒரு பெண் திரையை எட்டிப் பார்த்தாள். உப்பு வாருகிறவள். கணவன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள்.

"சார், என் பேரு எங்க? எங்க கொழுந்தன் பேருல்ல இருக்குது?"

எண்ணினேனே தவிரப் படிக்கவில்லை. தலைவருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"நான்தான் மாத்தினேன் சார். பொம்பள பேர்ல எப்படி வூடு எழுதறது? நாளைக்கு ஒண்ணுன்னா ஆம்பளதானே வந்து நிக்கணும்? கணக்கு சரியாதானே இருக்குது?"

பக்கத்தில் இருந்தவளுக்கு அது கேட்டுவிட்டது. "அவரு வூட்டுக்குள்ள வந்து நிப்பாரு. நானும் புள்ளைங்களும் வெளிய நிப்போம்" என்றாள்.

பெயரைத் திருத்தினேன். ஆனால் தலைவர் மறுபடி பார்க்க வேண்டும். பார்த்தால் மறுபடி மாற்றலாம்.

"உப்பு அம்பாரத்துக்கு முத்திரை குத்துவோமே, யாராச்சும் கை வச்சா தெரியற மாதிரி. அது இதுக்குக் கெடையாதா பாய்?" என்று சென்டர்காரரைக் கேட்டாள்.

"அம்பாரத்துல அள்ளினப்புறம்தானேம்மா தெரியும்? இதுல அள்ளவே முடியாது" என்றார் அவர்.

அச்சடிக்கக் கொடுப்பதுபோல் கட்டளை கொடுத்து, காகிதத்துக்குப் பதிலாக பிடிஎஃப் கோப்பாக எடுத்தார். நிரப்பிய கட்டங்கள் வெறும் எழுத்தாகிவிட்டன. எனக்கு நம்பிக்கை வரவில்லை. முப்பத்தொரு பெயர்மீதும் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்தேன். எங்கேயும் எழுத இடம் கிடைக்கவில்லை. "போதும் சார், மவுஸ் தேஞ்சிடும்" என்றார் பாய். மாற்றக்கூடிய மூலப் படிவத்தைத் தனியாக ஒரு பிளாப்பியில் வாங்கிக்கொண்டேன். பூட்டியதை மட்டும் தலைவருக்கு அனுப்பினேன்.

பதினெட்டு நிமிடத்தில் தொலைபேசி வந்தது.

"என்ன சார், பேர் மேல கிளிக் பண்ணா ஒண்ணும் ஆவல?"

"படிச்சுப் பார்க்கத்தான் அனுப்பினேன்."

"அச்சுல வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"முன்னாடியே சொல்லக் கூடாதா? அச்சானத எவன் மாத்துவான். அனுப்புங்க" என்றார்.

நாலு முப்பத்தைந்து. கடைசியாக ஒரு தடவை, இம்முறை எண்ணாமல், படித்தேன். அவள் வயது நாற்பத்தொன்று என்று இருந்தது.

"உனக்கு நாற்பத்து மூணுன்னுதானே சொன்னே?"

"ஆமா."

நான் பிளாப்பியைத் தேடினேன். அவள் என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள்.

"தொறக்காதீங்க சார். தொறந்தா மறுபடியும் தலைவருகிட்ட போவணும். ரெண்டு வயசு கம்மியாவே இருந்துட்டுப் போறேன்."

தப்பு என்னுடையது. அப்படியே அனுப்பினேன்.