பூரணம் மிஸி ஏற்றிய மலை

பூரணம் மிஸி காலமான செய்தி வந்தபோது நான் மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவருடைய பெறாமகள் அழுதாள். நான் முதலில் செய்த காரியம், மிச்சத்தை ஒரே இழுப்பில் குடித்து முடித்தது. அரைக் கரண்டிச் சீனிக்கே கோப்பையைப் பறித்து முற்றத்தில் ஊற்றியவர் அவர். இனிப் பறிக்க ஆளில்லை. தேத்தண்ணீர் இனிக்கவுமில்லை. துக்கத்தால் என்று யாரும் எழுதிவிட வேண்டாம், அது ஆறிப்போயிருந்தது.

மிஸியை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? அவரிடம் ஊசி குத்திக்கொண்டவர்களின் கை, இந்தப் பெயரை வாசித்ததுமே பின்பக்கத்தைப் பொத்தியிருக்கும். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற பிறகும் அவரால் மனிதரை வதைக்காமல் இருக்க முடியவில்லை. ஊரிலுள்ள சீனி வருத்தக்காரர்களைப் பிடித்து ஒரு நடைச் சங்கம் தொடங்கினார். நாங்கள் வாவிக்கரையால் நடந்தால் மறுகரையில் தோணிகள் ஆடும், அத்தனை பாரம். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாக வேலை பார்த்த என்னைக் கிளாக்கர் என்றுதான் கூப்பிடுவார். "கிளாக்கர், உன்ட காலைக் கழட்டினா அதுக்குத் தனியாப் பெட்டி அடிக்கோணும். பலகை தட்டுப்பாடான காலம். நட."

ஒருமுறை எங்களில் ஒருவருக்குக் கால்விரல் ஒன்றை வெட்டினார்கள். மூன்று வாரம் கழித்து அவர் தடி ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். கண் கலங்கும் காட்சி ஒன்றை எதிர்பார்த்து நாங்கள் தயாராக நின்றோம். மிஸி குனிந்து பார்த்தார். "ஒம்பது மிச்சம் இரிக்கு. அதையெண்டாலும் நடத்திக் கூட்டிவா" என்றார். அந்த மனிதர் அதற்குப் பிறகு பதினைந்து வருடம், ஒன்பது விரலோடுதான், நடந்தார்.

இனி மலைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. ஒரு வண்டில் மணலைக் குவித்தாலே அதற்குப் பெயர் வைத்துக் கோயில் கட்டிவிடுவோம். மார்கழிக் கூதலில் மலையேறினால் உடம்பிலுள்ள சீனி எரியும் என்று மிஸிக்கு எங்கிருந்தோ ஒரு ஞானம் வந்தது. மலை வாவிக்கு அப்பால், படுவான்கரையில். வாவியைக் கடக்க மிதவை ஒன்று உண்டு. அதைப் பாதை என்போம். அந்தத் துறையில் சென்றி என்னும் இராணுவக் காவலரண். யுத்தகாலத்தில் தொந்தியைக் குறைப்பதற்காகச் சென்றி கடந்து போன கூட்டம் இந்தப் பூமியில் நாங்கள் ஒன்றுதான். அடையாள அட்டைகளை அங்கே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நாலு மணிப் பாதையில் திரும்பும்போது தலையை எண்ணி அட்டையைத் தருவார்கள். ஒன்பது பேர் போனோம். எட்டுப் பேர் திரும்பினால், ஒன்பதாவது ஆள் எங்கே போனான் என்று எட்டுப் பேரும் உள்ளே இருந்து யோசிக்க வேண்டியதுதான்.

மலையுச்சியில் மிஸி ஒரு போட்டி வைத்திருந்தார். சோதனைக் குழாயும் சின்ன விளக்கும் கொண்டுவருவார். ஒவ்வொருவருடைய சிறுநீரையும் மருந்தோடு காய்ச்சுவார். யாருடையது சீனியில்லாமல் நீலமாகவே நிற்கிறதோ அவருக்கு ஒரு துண்டு காத்தான்குடித் தொதல், தேங்காய்ப்பாலில் கிண்டிய இனிப்பு. நான் தொதலைக் கண்டு ஏழு மாதம். ஆகையால் அன்று காலை, ஒன்று போட வேண்டிய, சீனியை இறக்கும் குளிசையில் மூன்றைப் போட்டேன். சாப்பாட்டையும் விட்டேன். என் சிறுநீர் அன்று வானத்தைவிட நீலமாக இருந்திருக்கும். அதுவரை நான் நிற்கவில்லை. மூன்று தென்னை உயரமுள்ள அந்த இமயத்தில், இரண்டாவது தென்னையளவில், கண் இருட்டி விழுந்தேன். மிஸி என் பல்லை நெம்பித் தொதலைத் திணித்தாராம். பரிசு எனக்குத்தான் கிடைத்தது. ருசி தெரியவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு மாட்டுப்பட்டி இருந்தது. பட்டிக்காரர் சாமித்தம்பி மேலே ஏறி வந்து, என்னை முதுகில் சுமந்து இறக்கித் தன் குடிலில் கிடத்தினார். மழை பிடித்துவிட்டது. மிஸி என் நாடியைப் பிடித்தபடி கேட்டார்.

"எத்தினை குளிசை போட்டாய்?"

"ஒண்டுதான் மிஸி."

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சாமித்தம்பியின் மனைவி தங்கப்பிள்ளையிடம் திரும்பினார். "இவனை இண்டைக்கு அசைக்க ஏலா. விடியுமட்டும் அடிக்கடி சீனித்தண்ணி பருக்கோணும்."

"அப்ப எட்டுப் பேராப் போய் நிக்கிறதா?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் நடுங்கினார்.

மிஸி சாமித்தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, கிளாக்கருக்குப் பதிலா நீ வாறியா? நாளைக்கு முதல் பாதையில நானே கொண்டுவந்து விடுவன்."

தங்கப்பிள்ளை சிரித்துவிட்டார். "என்ன மிஸியம்மா, அட்டையில இரிக்கிறவரு பூசணிக்காய். இந்தாள் முருங்கைக்காய்."

"மழைக்குள்ள குடையப் பிடிச்சா எல்லாம் ஒரே காய்தான்."

சாமித்தம்பிக்கும் சிரிப்பு. "ஒரு நாளைக்கு உத்தியோகத்தரா இரிந்து பாப்பமே" என்று என் காற்சட்டையை மாட்டி, மாட்டுக்கயிற்றால் இடுப்பில் இறுக்கினார். தன் அடையாள அட்டையை மனைவியிடம் கொடுத்தார். ஒரு ஆளிடம் இரண்டு அட்டை அகப்பட்டால் கதை முடிந்தது என்று மிஸி சொல்லியிருந்தார். அன்று நாலு மணிக்குக் குடைகளுக்கடியில் ஒன்பது தலை எண்ணப்பட்டது. என் மனைவியிடம் போய் என் அட்டையைக் கொடுத்து, "உன்ட ஆள் கணக்கில வந்திட்டார். உடம்பு நாளைக்கு வரும்" என்று சொன்னாராம் மிஸி.

நாளைக்கு வரவில்லை. விடியற்காலையில் படுவான்கரையில் சண்டை தொடங்கியது, பாதை நின்றது. பதினொரு நாள் நான் பட்டியில் கிடந்தேன். கிடந்தேன் என்பது பொய், அரசாண்டேன். தங்கப்பிள்ளை தயிரும் சோறும் போடுவார்; நான் கச்சேரியை நானே தாங்கி நிற்பதாகக் கதை அளப்பேன். "அங்க அவருக்கு வயிறாரக் குடுப்பாங்களா?" என்று ஒருநாள் கேட்டார். "மிஸிர ஊட்டுச் சோறு உப்பில்லாச் சோறு. உங்கட முருங்கைக்காய் இன்னும் மெலிஞ்சுதான் வரும்" என்றேன். இருவரும் நன்றாகச் சிரித்தோம். அது ஐந்தாம் நாள்.

பன்னிரண்டாம் நாள் மிஸி சேற்றில் தனியாக நடந்து வந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. மூன்றாம் நாளே ஊரில் ஆமிச் சுற்றிவளைப்பு நடந்தது, அட்டை இல்லாதவர்களை லொறியில் ஏற்றினார்கள் என்றார். "என்ட வளவுக்குள்ள இருந்துதான் கொண்டுபோனாங்க. கூட்டிப் போனது நான்" என்றார். தங்கப்பிள்ளை அழவில்லை. உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த கணவனின் அட்டையை எடுத்துவந்து மிஸியின் கையில் கொடுத்தார். "இந்தா இரிக்குத்தானே. இதக் காட்டிக் கூட்டிவாங்க."

மிஸி கொண்டுவந்த என் அட்டையை என்னிடம் தந்து, என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். பாதை வாவியின் நடுவில் போகும்போது மறுபடி கேட்டார்.

"இப்பச் சொல்லு. எத்தினை?"

"மூண்டு."

"ஏன்?"

"தொதலுக்கு."

தண்ணீரைப் பார்த்தபடி, "பழியில பாதி எனக்கு, பாதி உனக்கு" என்றார்.

அந்த அட்டையோடு மிஸி ஏறாத ஆமி முகாம் இல்லை. முதலில் தனியாக, பிறகு தங்கப்பிள்ளையோடு. வீங்கிய காலோடு, எழுபது வயது கடந்தும் போனார். என்னை ஒருமுறை கூப்பிட்டார். எனக்கு வயிற்றுவலி என்றேன். பிறகு கூப்பிடவில்லை. சாமித்தம்பி வரவுமில்லை, இன்ன இடத்தில் இன்னது நடந்தது என்று ஒரு துண்டுக் கடிதம்கூட வரவில்லை.

பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் மிஸிக்குப் பக்கத்தில் கதிரை கிடைத்தது. நான் பெரிய மனிதன்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யார்ர பிழையுமில்ல மிஸி, காலம் அப்பிடி" என்றேன்.

"காலமா மூண்டு குளிசை போட்டது?" என்றார். பிறகு என் இலையில் இருந்த இனிப்பை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டார்.

அன்பர்களே, மிஸியின் கருணையைப் பற்றிப் பலரும் எழுதுவீர்கள். நானும் அப்படி ஒன்றை நம்பியிருந்தேன். அந்தக் குளிசைக் கதையை மிஸி யாரிடமும் சொல்லவில்லை. கணவனைக் கொண்டுபோய்த் தொலைத்தது மிஸி மட்டும்தான் என்று தங்கப்பிள்ளை இத்தனை வருடமும் நம்பினார். அந்தக் கண்ணுக்கு முன்னால் மிஸி வருடாவருடம் போய் நின்றார். என்னைக் காப்பாற்றத்தான் வாய் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செத்தவீட்டில் மிஸியின் கால்மாட்டில் தங்கப்பிள்ளை குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் தந்தார். "நீங்களாவது நல்லா இரிக்கீங்களே" என்றார். அவர் அருகே ஒரு மணித்தியாலம் இருந்தேன். சொல்லவில்லை.

மிஸி தன் பாதியைக் கொண்டுபோய்விட்டார். மற்றதை எனக்கென்று தொடாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.