கொஞ்சம் திறந்திருந்த கல்

மொன்றியலுக்கு நாங்கள் அகதிகளாக வந்த இரண்டாவது இலையுதிர்காலம் அது. எனக்கு ஒன்பது வயது. நோத்ர-டாம்-த-கிரேஸில் மூன்றாம் மாடியில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும். அதற்குள் அம்மா, மாமா, நான். அப்பாவை ஊரில் ஆமிக்காரர் லொறியில் ஏற்றிக்கொண்டு போனதோடு சரி. இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அம்மா மட்டும் ஒவ்வொரு இரவும் கொஞ்சம் சாப்பாட்டை ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் எடுத்து, இன்னொரு கோப்பையால் மூடி வைப்பார். யாருக்கு என்று கேட்டால், "ஆராவது வந்தால்" என்பார். அந்த மூன்றாம் மாடிக்கு யார் வரப்போகிறார்கள்?

மாமா அம்மாவின் தம்பி. உணவகத்தில் கோப்பை கழுவியவர். "ஆர் மிச்சம் விடுகினம் எண்டு கோப்பை கழுவுறவனைத்தான் கேக்கவேணும்" என்று தத்துவம் பேசுவார். செத்தவருக்குப் பதிலாக ஒரு கல்லை வைத்து அந்தியேட்டிக் கிரியை செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டு அவர் அம்மாவை நச்சரித்தபடி இருந்தார்.

"ஒரு கல்லை வைச்சு அந்தியேட்டியை முடிச்சுவிடுவம் அக்கா. எத்தினை நாளைக்கு இப்பிடி?"

"ஆர் செத்ததெண்டு கல்லு வைக்கச் சொல்லுறாய்?"

அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார்.

அந்த நாட்களில்தான் எங்கள் பள்ளிக்கூட மதாம் தன் ஊர்ப் படம் ஒன்றைக் காட்டினார். அவர் பிரான்சின் பிரித்தானிப் பக்கத்துக்காரர். மரமில்லாத மேட்டுநிலம், மிதித்தால் தண்ணீர் கசியும் சேறு, எங்கும் பனிப்புகார். நடுவில் நான்கு கற்பலகைகளை நிமிர்த்தி நட்டு ஒரு பெட்டி. மேலே மூடுகல், கொஞ்சம் விலகியபடி. நான் அதில் படுப்பதென்றால் முழங்காலை மடக்கவேண்டியிருக்கும். எழுத்துத் தெரியாத காலத்துச் சனம் யாரையோ புதைத்த இடமாம். புளித்த மண் எலும்பையும் தின்றுவிட்டதாம். அதைப்போலச் சின்னதாக ஒன்று செய்து பார்த்து, படம் வரைந்து வரச் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டில் பெருமையாக அறிவித்தேன்: "உள்ளுக்குள்ளை ஆளே இல்லையாம். எண்டாலும் அது கல்லறைதானாம்."

மாமாவின் முகம் பளிச்சென்றது. புட்டு ருசியாக இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சிநேகிதரின் காரை இரவல் வாங்கி வந்தார். "பிள்ளையின்ரை பள்ளிக்கூட வேலை அக்கா, நீயும் வா." இல்-பிசார் தீவின் சதுப்பு ஓரத்தில் இறங்கினோம். ஒரு குருவி காகம்கூட இல்லை. காய்ந்த நாணல் தன்பாட்டில் உரசிக்கொண்டு நின்றது. அம்மாவும் கல் பொறுக்கினார். நான்கு கற்களை நட்டு முடித்ததும் மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசிச் சுருளை எடுத்து உள்ளே தட்டினார். எள்ளு.

"மதாம் எள்ளுப் போடச் சொல்லேல்லை மாமா."

மாமா தன் சப்பாத்தைப் பார்த்தார். அம்மா எள்ளைப் பார்த்தார், பிறகு மாமாவை.

"கெட்டிக்காரனடா தம்பி நீ."

ஏசவில்லை. தட்டையான கல்லை எடுத்துத் தானே மேலே வைத்தார், ஒரு கை போகுமளவு இடைவெளி விட்டு. பிறகு திரும்பிப் பாராமல் காருக்கு நடந்தார். மாமாவும் பின்னால் போனார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. மழை பெய்தால் உள்ளே போகுமே? கல்லை இறுக்கித் தள்ளி மூடிவிட்டு ஓடினேன். கார் புறப்பட்டதும் சொன்னேன்: "நீங்கள் சரியா மூடேல்லை அம்மா. நான் வடிவா மூடிப்போட்டன்."

"தம்பி, நிப்பாட்டு" என்றார் அம்மா.

சேற்றுக்குள் அவர் திரும்பி நடந்ததைக் கார்க் கண்ணாடி வழியே பார்த்தேன். குனிந்து கல்லை விலக்கினார். அந்த இடைவெளியில் யாருக்கோ எதையோ சொல்வதுபோல அப்படியே குனிந்து நின்றார். வரும்போது ஒரு காலில் சப்பாத்து இல்லை.

நான் அருமையாகச் செய்ததைக் குலைத்துவிட்டாரே என்று எனக்குக் கோபம். வீடுவரை அவரோடு கதைக்கவில்லை. இரவு அம்மா வழக்கம்போலப் புட்டில் ஒரு பங்கை எடுத்து, கோப்பையால் மூடி, சரியாக மூடியிருக்கிறதா என்று சுற்றிவரத் தடவிப் பார்த்தார்.

இதை மட்டும் வடிவாக மூடத் தெரிகிறது என்று முறுகிக்கொண்டே நான் படுக்கப் போனேன்.