வெள்ளிக்கிழமை ராகுகாலம், மொஸ்கோ நேரம்

சுவிஸில் நாங்கள் இருக்கும் வில் நகரத்தில் பனிக்குக் குறைவில்லை. வாசலில் வந்து கொட்டும், அள்ளுவதும் நாங்கள்தான். அப்படியிருக்க, பனிக்காலத்தில் ரஷ்யாவுக்கு ரயில் பயணம் போகிறேன் என்ற என்னை என் மனைவி ஒரு கிழமையாக ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிநேகிதனுக்குத் துணையாகப் போகிறேன் என்றேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, நான் பள்ளிக்கூட வயதில் ரஷ்ய நாவல்களைத் தமிழில் வாசித்துக் கெட்டுப்போனவன். அந்த நாவல்களில் ரயில் புறப்பட்டதும் எதிரே இருப்பவர் தன் முழு வாழ்க்கையையும் சொல்லத் தொடங்கிவிடுவார். ஐம்பதை எட்டும் வயதில் அதை ஒருமுறை சோதித்துப் பார்க்க ஆசை வந்தது.

சிநேகிதன் எம்மன்புரூக்கேயில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவன். எண்பதுகளில் புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோவில் பொறியியல் படித்தான். கூடப் படித்த ஒரு பெண்ணோடு நெருக்கம். கடைசி வருட விடுமுறையில், சுவிஸில் இருக்கிற அண்ணனைப் பார்த்துவிட்டு இரண்டு கிழமையில் வருகிறேன் என்று அவளிடம் சொல்லி ரயில் ஏறினான். ஊரில் சண்டை முற்றியிருந்தது. அண்ணன் சொல்லி, இங்கேயே அகதி விண்ணப்பம் போட்டான். திரும்பிப் போகவில்லை, எழுதவும் இல்லை. முதலில் விசா இல்லை, பிறகு அவளைப் பார்க்க முகம் இல்லை. கலியாணமும் கட்டவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் கழித்து, பழைய மாணவர்கள் கூடும் ஓர் இணையத்தளத்தில் அவளைக் கண்டுபிடித்தான். யெகாத்தரின்பர்க்கில் இருந்தாள். கணவர் இறந்துவிட்டார், மகள் வேறு நகரத்தில். வந்தால் ஒருமுறை பார்க்கலாம் என்று பதில் போட்டாள். ஏன் இவ்வளவு தூரம், விஷயத்தை எழுதி அனுப்பினால் போதாதா என்று கேட்டேன்.

“எழுதினா நியாயம் சொல்லுற மாதிரி இருக்கும் மச்சான். நேர நிண்டு சொன்னாத்தான் மன்னிப்புக் கேக்கிற மாதிரி இருக்கும்” என்றான்.

2012 தை மாதம் புறப்பட்டோம். மொஸ்கோவில் கைக்கடிகாரங்களைத் திருத்திக்கொண்டு நிஷ்னி நோவ்கரத் போனோம். அங்கே உறைந்த வொல்காவின் மேல் ஆட்கள் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கசான். பெட்டியின் மூலையில் எந்நேரமும் கொதிக்கிற வெந்நீர்த் தாங்கி, உலோகப் பிடி போட்ட கண்ணாடிக் குவளை, ஜன்னலுக்கு வெளியே காடும் காடும். என் சோதனை தோற்றுப்போனது. எதிர்ப்படுக்கைக்காரர் கசான் வரும்வரை நித்திரை. ஒருமுறை எழும்பி, அவித்த முட்டை ஒன்றைத் தின்றுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். தன் வாழ்க்கையைச் சொன்னவன் என் சிநேகிதன் மட்டும்தான். அது எனக்கு ஏற்கெனவே தெரியும். மற்ற நேரமெல்லாம் ஜன்னலைப் பார்த்து, துருப்பிடித்த ரஷ்ய மொழியில் மன்னிப்புக் கேட்கிற ஒரே நாலு வசனங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

சந்திப்பு வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு. இடம், ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த கோப்பிக்கடை. அன்று பின்னேரம் அவள் மகளிடம் புறப்படுகிறாள். தொலைபேசி இலக்கம் அவள் தரவில்லை, இவனும் கேட்கத் துணியவில்லை. எந்த ரயிலில் வருகிறோம் என்று மட்டும் எழுதியிருந்தான்.

யெகாத்தரின்பர்க் நிலையத்தில் இறங்கியபோது பெரிய மணிக்கூடு பத்து இருபது காட்டியது. எங்கள் கைக்கடிகாரங்களும் அதையே சொல்லின. சிநேகிதன் பணப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். சூரிச் தமிழ்க்கடைக் கலண்டரில் அன்றைய நாளைக் கிழித்து மடித்து வைத்திருந்தான். வெள்ளி, ராகுகாலம் பத்தரை தொடக்கம் பன்னிரண்டு.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். மொஸ்கோவில் இவன் பெரிய பொருள்முதல்வாதி. பஞ்சாங்கம் பார்த்துப் படலை தாண்டும் தாய்க்கு அங்கிருந்து நாலு பக்கத்தில் விஞ்ஞான விளக்கம் எழுதியவன். அதை அந்தப் பெண்ணுக்கும் மொழிபெயர்த்துச் சொல்லி இருவரும் சிரித்திருக்கிறார்கள். சுவிஸ் வந்த பிறகு அவனுடைய முதல் அகதி விசாரணை ராகுகாலத்தில் நடந்து நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டை நல்ல நேரம் பார்த்துத் தபாலில் போட்டான், வென்றது. விஞ்ஞானம் படித்தவனுக்கு இரண்டு பரிசோதனைகள் போதுமானதாக இருந்தன.

“இருபது வருசத்துக்குப் பிறகு ஒரு காரியத்துக்குப் போறன். ராகுகாலத்தில வெளிக்கிடச் சொல்லுறியோ?” என்று கேட்டான்.

நான் சொல்லவில்லை. வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிர், உள்ளே சூடு. பகுத்தறிவு அன்றைக்குக் குளிருக்குப் பயந்து என்னோடு வாங்கிலிலேயே உட்கார்ந்துவிட்டது. தேத்தண்ணி குடித்தோம். அவன் சவரம் செய்துவிட்டு வந்தான், நாலு வசனத்தையும் இன்னொருமுறை சொன்னான். மணிக்கூடு பன்னிரண்டு அடித்த பிறகு, வலது காலை முன்னுக்கு வைத்து வெளியே இறங்கினோம்.

டிராமில் போய் நூலக வாசலில் நின்றபோது இருபது நிமிடம் முந்தி வந்துவிட்டோம் என்று எங்களுக்கு ஒரு பெருமை. சுவிஸ் எங்களுக்குக் கற்றுத்தந்த ஒரே பெருமை அதுதான். உள்ளே மேலங்கிகளை வாங்கி மாட்டும் அம்மாவின் தலைக்கு மேல் ஒரு சுவர்க்கடிகாரம். அதில் இரண்டு நாற்பது.

கடிகாரம் பிழை என்று சிநேகிதன் அந்த அம்மாவிடம் பணிவாகச் சொன்னான். அவர் எங்கள் பயணப்பைகளைப் பார்த்தார். பிறகு குழந்தைகளுக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னதை அவன் எனக்குத் தமிழில் சொன்னான். நாடு எவ்வளவு நீளமானாலும் ரயில் நிலையங்கள் எல்லாவற்றிலும் மொஸ்கோ நேரம்தான். ஊரின் நேரம் அதைவிட இரண்டு மணித்தியாலம் முன்னுக்கு. படித்த காலத்தில் மொஸ்கோவுக்குக் கிழக்கே போக அனுமதி கிடைக்காதவனுக்கு எல்லா மணிக்கூடும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண் ஒரு மணியிலிருந்து கதவைப் பார்த்தபடி இருந்ததாகவும், இப்போதுதான் எழும்பிப் போனதாகவும் அந்த அம்மா சொன்னார். சிநேகிதன் தொப்பி போடாமலே தெருவுக்கு ஓடினான். எங்களை இறக்கிவிட்ட டிராம் பாதையில் எதிர்த்திசை டிராம்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னல்களில் உறைபனி, உள்ளே யார் என்று தெரியாது.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரயிலால் இறங்கியபோது அந்த ஊரில் நேரம் பன்னிரண்டு இருபது. ராகுகாலம் முடிந்துதான் நாங்கள் இறங்கியிருக்கிறோம். அப்படியே டிராம் ஏறியிருந்தால் ஒரு மணிக்கு அவள் முன்னால் நின்றிருப்பான். நாங்கள் காத்திருந்தது சுத்தமான நல்ல நேரத்துக்குள். இதை அன்றைக்கு அவனிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விமானத்தில் அவனே சொன்னான்.

ஒரு கிழமை கழித்து வில்லுக்கு வந்தான். என் மனைவி முழுக்கதையையும் அவன் வாயால் கேட்க ஆசைப்பட்டாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அந்தப் பெண்ணுக்கு எழுதிவிட்டாயா என்று நான்தான் கேட்டேன். எழுதினானாம், ரயில் பிந்திவிட்டது என்று.

“ஏன் அண்ணை, உள்ளதைச் சொல்லியிருக்கலாமே” என்றாள் மனைவி.

“என்னெண்டு தங்கச்சி சொல்லுறது? அம்மாவைப் பகிடி பண்ணி அவளோட சேர்ந்து சிரிச்சவன் நான். ராகுகாலத்துக்காக உன்னைக் காக்க வைச்சனான் எண்டு அவளுக்கு எழுதலாமோ?”

பதில் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றான். நூலகத்திலிருந்து நேரே நிலையத்துக்குத்தான் போனாளாம். கசான் ரயில் பிந்தியதா என்று டிக்கெட் ஜன்னலில் விசாரித்தாளாம். நேரத்துக்கே வந்தது என்று சொன்னார்களாம்.

“வேற என்ன எழுதினவ?”

“அவ்வளவுதான்” என்றான். அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. அந்த நாலு வசனத்தை இவனும் எழுதவில்லை.