ஆலுவா ஆற்றில் அண்ணனின் கலசம் மிதந்தது ஏன்?

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் அன்று ஆலுவா ஆற்றங்கரையில் இருந்தீர்கள். அஸ்திக் கலசம் மூழ்காமல் மிதந்ததைப் பார்த்தீர்கள். "அவனுக்கு ஏதோ ஆசை பாக்கி இருக்கு, போக மாட்டேங்குறான்" என்று அத்தை அழுதார். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அது என்ன ஆசை என்றே கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தங்கையாகிய நான் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது மட்டாஞ்சேரியில்தான். அப்பா மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். அவர் நோயில் படுத்த பிறகு அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுப் போர்ட் கொச்சியில் ஒரு தூண்டில் சாமான் கடையில் சேர்ந்தார். பின்னாளில் வீட்டிலேயே ஃப்ளை கட்டினார். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, மீனை ஏமாற்றச் செய்யும் பொய்ப் பூச்சி அது. அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கட்டினார். கல்யாணப் பேச்சை எடுத்தால் காது கேட்காதவர் போல நூலைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

கட்டியதை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். ஃப்ளை வாங்க வந்த இடக்கொச்சிக்காரர் ஒருவர், பெரிய ஃப்ளை மிதப்பதையும் சின்னது அடியில் கிடப்பதையும் பார்த்து, "இதெந்தா சேட்டா, கனமுள்ளது மேலே கிடக்குந்நு?" என்று, கனமானது மேலே கிடப்பது ஏன் என மலையாளத்தில் கேட்டார்.

"கனம் மட்டும் பாத்தா போதாது. பெருசுக்குள்ள தக்கை. அது அடைக்கிற எடத்துக்குத் தண்ணி அளவு கனம் இல்ல. சின்னதுல பித்தளை மணி, கொஞ்ச எடத்துல அத்தன கனம். எறகும் அப்படித்தான், உள்ள காத்து இருக்கற வரைக்கும் தாழாது" என்றார் அண்ணன். இறகை நனைத்துப் பிழிந்து போட்டார், இறங்கியது.

கலசத்துக்கும் அதே கதைதான். வழியில் சிந்திவிடக்கூடாது என்று அதன் வாயைப் பாலித்தீன் உறை போட்டு இறுக்கிக் கட்டியது நாம்தான். ஆற்றில் விடும்போது அவிழ்க்க மறந்தோம். உள்ளே பாதிக்கு மேல் காற்று. தம்பி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அமுக்கினான், மறுபடி மேலே வந்தது. "கட்டை அவுத்து விடுடா!" என்று நான் கத்தினேன். அவிழ்த்ததும் தண்ணீர் புகுந்து, குமிழி விட்டு இறங்கிவிட்டது. அதற்குள் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டீர்கள்.

நோயில் உடனிருந்த பக்கத்து வீட்டுச் சேச்சிக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ எடுத்த சேட்டனுக்கும், சடங்குகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தைக்கும்தான். அவரளவு அண்ணனுக்காக அழுதவர் யாருமில்லை.

கடைசி நாளில் "என்ன வேணும் அண்ணா?" என்று நான் கேட்டது உண்மை. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. நீ போயி கொஞ்சம் படு" என்றார். ஆசை என்று அவர் சொன்னது அது ஒன்றுதான். இனியாவது என்னைப் படுக்க விடுங்கள்.