பத்மா மேடத்தின் ஆர்க்கிட் தண்டுகள்

"பத்மா மேடம் போய்ட்டாங்க. தூக்கத்துலயே." கீழ்வீட்டுக்காரர் காலையில் போனில் சொன்னபோது, அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதிதான். அவரை அறிந்த நீங்கள் என்னைத் தவறாக நினைக்க மாட்டீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பயந்த சாவு இதுவல்ல.

ஆனேக்கல் அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு லீலாவையும் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளாத அந்த இரண்டு தோழிகளும் பெங்களூரில் என் எதிர்வீட்டில் ஒன்றாகவே வாழ்ந்தார்கள். லீலா இறந்ததும் பத்மா மேடம் சாப்பாட்டை விட்டுவிட்டார். நான் கொண்டுபோகும் ரசம் சாதம் அப்படியே திரும்பி வரும். "இனிமே எதுக்கு நிர்மலா?" என்பார். பால்கனியில் லீலா வளர்த்த ஆர்க்கிட்டும் வேர் அழுகி, இலை கொட்டி, வெறும் தண்டுகளாக நின்றது.

வீட்டு வேலைக்கு வருகிற அம்மா ஒருநாள் அதைக் குப்பையோடு போட்டுவிட்டார். குப்பை வண்டி கிளம்பிய பிறகுதான் மேடத்துக்குத் தெரிந்தது. மாடிப்படி இறங்கவே தயங்குகிறவர், செருப்புகூட இல்லாமல் தெருவில் ஓடினார். "நில்ஸப்பா! ஸ்வல்ப நில்ஸு!" என்று கன்னடத்தில் கத்தினார். டிரைவர் மிரண்டுபோய் வண்டியை நிறுத்தினார்.

"இலை இல்லேன்னா செத்துடுச்சுன்னு அர்த்தமா? தண்டு இன்னும் பச்சையா இருக்கு பாரு" என்று மூச்சு வாங்கியபடி காட்டினார். கணுக்களை விட்டு இடையிடையே வெட்டினோம். வெட்டிய முனைகள் அழுகாதிருக்க லவங்கப்பட்டைத் தூள் தடவி, ஈரமான தேங்காய் நார் பரப்பிய ஸ்வீட் டப்பாவில் படுக்கவைத்து மூடினோம்.

வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. சில துண்டுகள் கறுத்தன. இதுவும் போய்விட்டால் இவரை எதைச் சொல்லிச் சாப்பிட வைப்பது என்று பயந்தேன். ஒரு காலை கதவு தடதடவென்று தட்டப்பட்டது. "வா, வா! ஒண்ணு எட்டிப் பாக்குது!" கணுவோரம் கடுகளவு பச்சை. அன்று என் வீட்டிலேயே உட்கார்ந்து, இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தக் குட்டிச் செடி வளர்ந்து பூக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. ஊதாப் பூவைப் பார்த்தபடி மேடம் சொன்னார்: "அவ இல்லாமலே பூத்துட்டுது பாரேன். கொஞ்சங்கூட வெக்கமில்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும்தான் இல்ல. பசிக்குது. மசால் தோசை சாப்பிடப் போலாமா?" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

அதிலிருந்து பெருகிய செடிகளை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிரிப்பை நான் வைத்துக்கொள்கிறேன்.